பிசிறு

பெரிய டாக்டருக்கு ஆஸ்பத்திரியில் பாராட்டு வைத்த அன்று வெயில் கொளுத்தி எடுத்தது. மாடிக் கூடத்து மின்விசிறிகள் சூடான காற்றையே திரும்பத் திரும்ப அள்ளி இறைத்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குள் வைக்கிற செயற்கை லென்ஸைச் சுருட்டி, மெல்லிய குழாய் வழியாக உள்ளே செலுத்துகிற கருவி ஒன்றை அவர் இளவயதில் கண்டுபிடித்திருந்தார். இப்போது ஒரு கம்பெனி அதை வாங்கி, லென்ஸையும் கருவியையும் சேர்த்தே ஒரே உறையில் அடைத்து விற்க ஆரம்பித்திருந்தது. உறையைப் பிரி, தள்ளு, அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் பாராட்டு.

பாப்பா பின்வரிசையில் தேநீர்த் தட்டோடு நின்றாள். வீட்டில்தான் அவள் பாப்பா. நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்த பிறகும் அப்பா அம்மா வாயில் அந்தப் பெயர் மாறவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் மூத்த சிஸ்டர். தியேட்டரில் டாக்டர் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பவள். டாக்டர் வாயைத் திறக்குமுன் கருவி கைக்கு வந்துவிடும் என்று பேர் வாங்கியிருந்தாள்.

வெளியாட்கள் எல்லாம் பேசி முடித்துப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் ஆஸ்பத்திரி ஆட்கள். பெரிய டாக்டர் கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மனிதர் நல்ல குஷியில் இருந்தார்.

"இப்ப நம்ம ஆளுங்கதானே இருக்கீங்க, உள்ளதைச் சொல்றேன்," என்றார். "இன்னிக்குக் கை தட்டுறீங்க. ஆரம்பத்துல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதல் குழாயைப் பேனா ரிப்பேர் பண்றவர் ஒருத்தர்கிட்டக் கடைஞ்சு வாங்கினேன். முனையில பிசிறு. பார்த்தாத் தெரியாது, விரலால தடவினா நெருடும். எனக்குத் தெரிஞ்சுதான் இருந்தது. வயசு அப்படி, பொறுமை ஏது? போட்டுப் பாத்துடலாம்னு போட்டுட்டேன். ஒரு தையல்காரர், பாவம், நல்ல மனுஷன். லென்ஸ் உள்ள போறப்பவே பிசிறு பட்டு, கண்ணுக்குள்ள அதைத் தாங்கற பை கிழிஞ்சு போச்சு. மறுநாள் அவர் சம்சாரம் வந்து கண்ணு என்னாச்சுன்னு நிக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? கண்ணைக் கசக்கிட்டாரும்மான்னு சொல்லிட்டேன். அந்தம்மா அங்கேயே அவரைப் பிடிச்சு ஏச ஆரம்பிச்சுட்டாங்க. நான் மெதுவா நழுவிட்டேன்!"

கூடமே சிரித்தது. சிரிக்கத் தெரியாதவர்களும் பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

பாப்பா கையிலிருந்த தட்டு விழவில்லை. அவள் வரிசை வரிசையாகப் போய் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். கடைசியில் அவருக்கும் கொடுத்தாள். "தேங்க்ஸ் சிஸ்டர்," என்று சொல்லி அவர் ஊதி ஊதிக் குடித்தார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துணி மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள்.

காரணம் இருந்தது. ஆபரேஷன் முடிந்து போகிற நோயாளிகளுக்குப் புத்தி சொல்லி அனுப்புவது அவள் பொறுப்பு. "கண்ணைக் கசக்கவே கூடாது, சொல்லிட்டேன். எங்கப்பா பேச்சைக் கேக்காம கசக்கினார். ஒரு கண்ணு போயே போச்சு." இதைச் சொன்னால் யாரும் கையைக் கண் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். இத்தனை வருஷமாக, எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! பெற்ற அப்பனைத் தினம் தினம் வரிசையாக நின்றவர்கள் முன் நிறுத்தி, இவர்தான் அந்தக் கேட்காத ஆள் என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த வெட்கத்தில்தான், தன் அப்பா இதே ஆஸ்பத்திரியில் படுத்தவர் என்பதைக்கூட அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா முன்னறையில் மிஷின் முன்னால் இருந்தார். ஒரு காலத்தில் கோட்டு தைப்பதற்கென்றே அவரிடம் ஆட்கள் வருவார்கள். ஒரு கண் போனதும் துணிக்கும் கத்திரிக்கும் நடுவே உள்ள தூரம் பிடிபடாமல் போயிற்று. நல்ல துணிகளைக் கோணலாக வெட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டு, கடையை விட்டார். இப்போது கால்சட்டை மடிப்புத் தைப்பதும், பட்டன் வைப்பதும், ஜிப் மாற்றுவதும்தான். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, ஊசிகளுக்கு வரிசையாக நூல் கோத்துக் குஷனில் குத்தி வைத்துக்கொண்டிருந்தாள். கோக்கும்போதே வாயும் ஓடும்.

"கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இன்னிக்கு இந்தப் பாடு எனக்கெதுக்கு? என் கண்ணும் போயிட்டா அப்புறம் யாரு கோத்துக் கொடுப்பாங்க? சொன்னாக் கேக்கற ஜென்மமா?"

அப்பாவின் கால் மிதிக்கிற வேகம் மட்டும் கொஞ்சம் கூடும்.

"அம்மா, வாயை மூடு," என்றாள் பாப்பா.

அம்மா ஊசியோடு நிமிர்ந்தாள். அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிச் சொன்னது கிடையாது.

"என்னடி சொன்ன?"

"அப்பா கசக்கலை. அவர் கசக்கவே இல்லை. அந்த டாக்டர் பொய் சொன்னான்."

மிஷின் நின்றது. பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். பேனா ரிப்பேர் செய்கிறவர், குழாய், பிசிறு, கிழிந்த பை. கடைசியில் அந்தச் சிரிப்பு.

அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மிஷின் மேல் வைத்தார். உள்ளே வெள்ளையாகச் சுருங்கிப்போன வலது கண்.

"கடைசியாச் சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு. சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

"எத்தனை பேரு?"

"கூடம் முழுக்க."

"நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"டீ கொடுத்துட்டிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "பிசிறு இருக்குன்னு அவனுக்குத் தெரியுமாமா?"

"விரல்ல நெருடுச்சுன்னு அவனே சொல்றான்பா."

"துணியில பிசிறு இருந்தாலே மடிச்சு அடிக்காம நான் வெளிய கொடுத்தது கிடையாது," என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நான்கூட நம்பிட்டேன், பாப்பா. தூக்கத்துல நானே கைக்கட்டை அவிழ்த்து, கசக்கி, மறுபடி நானே கட்டிக்கிட்டேனோன்னுகூட யோசிச்சிருக்கேன். யோசிச்சுப் பாரு, எந்தப் பைத்தியக்காரனாவது அப்படிச் செய்வானா?"

அப்போதுதான் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்து வந்த அன்று, டாக்டர் சொன்னபடி அப்பாவின் இரண்டு கைகளையும் துண்டால் கட்டில் சட்டத்தோடு கட்டியவள் அவள்தான்.

"முடிச்சு முடிச்சாவே இருந்ததுடி," என்றாள். "காலையில விரலால அவிழ்க்க முடியலை. பல்லால கடிச்சுத்தான் அவிழ்த்தேன். துண்டு நுனி வாயில உப்புக் கரிச்சது, இன்னும் ஞாபகம் இருக்கு."

"அப்புறம் எப்படிம்மா நம்பின?"

"டாக்டர் சொன்னாரேடி!"

சொல்லிவிட்டு அம்மா கையிலிருந்த ஊசிகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் குஷனில் குத்தினாள். குத்திய வேகத்தில் ஒன்று ஒடிந்தது. அன்று அடுப்பு மூட்டவில்லை. காலையில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு மாறிப் போயிற்று. அப்பாவை ஏசிய வாய் இப்போது முழுநேரமும் டாக்டரை ஏசியது. கீரை ஆயும்போது ஏசினாள், துணி அலசும்போது ஏசினாள். குழாயடியில் தண்ணீர் வராத கோபத்தைக்கூட அவன் தலையில் போட்டாள். "அவன் கண்ணு அவிஞ்சு போக", "அவன் கை அழுகிப் போக" என்று ஆரம்பித்தால் உலை கொதித்து அடங்குவது வரை நிற்காது. அப்பா நேர்மாறாக ஆகிவிட்டார். வந்த துணிகளைத் தைக்காமல் மடித்து வைத்துவிட்டு, வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். ஊசி மட்டும் ஏறி இறங்கும்.

எங்காவது போய்ப் புகார் கொடுக்கலாமா என்று பாப்பா யோசிக்காமல் இல்லை. யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது? சிரித்தவர்களையா? அன்று கூடத்தில் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "அதா? அவர் ஏதோ தமாஷுக்குச் சொன்னார் சிஸ்டர், நீங்க ஒண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் சில்லறை பொறுக்கப் போய்விட்டார்.

தியேட்டரில் பெரிய டாக்டர் இப்போது கத்தி பிடிப்பதில்லை. அவரிடம் படித்த சின்ன டாக்டரம்மாதான் எல்லா ஆபரேஷனும். ஏன் பிடிப்பதில்லை என்பது கொஞ்ச நாளில் வெளியே வந்தது. அவருக்கே இரண்டு கண்ணிலும் புரை. படிக்கட்டில் தடுமாறி விழப் பார்த்தாராம். வலது கண்ணுக்கு முதலில் செய்வது என்று முடிவாயிற்று.

அவரே தியேட்டர் வாசலுக்கு வந்து பாப்பாவிடம் சொன்னார்.

"சிஸ்டர், எனக்கு என் கருவியேதான் வேணும். வேற எதையும் உள்ள விடக் கூடாது. லென்ஸ் ஏத்தறது நீங்கதான் பண்ணணும். உங்க கைதான் சுத்தம்."

"சரி சார்," என்றாள் பாப்பா.

அதைச் சாப்பாட்டு வேளையில் வீட்டில் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டில் அவர்களுக்குள் இப்போது வேறு பேச்சே கிடையாது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "உன் கையாலயா?"

"ம்."

"தானா வந்து உன் கையில விழறான் பாரு! அந்த லென்ஸுல ஒரு கீறல் போட்டு வச்சா என்ன ஆகும்?"

"அம்மா."

"என்ன ஆகும்னுதானே கேக்கறேன்?"

பாப்பாவுக்குத் தெரியும். ஒன்றல்ல, பல வழிகள் தெரியும். வெளியே சொல்லாமல் ஒவ்வொன்றாக அவள் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தாள். லென்ஸைத் தலைகீழாக ஏற்றலாம். கையுறைத் தூள் ஒரு துளி உள்ளே போனால் போதும், கண் வீங்கிவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையெல்லாம் நினைக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்த மாதிரி இருக்கும். நல்ல பசியில் சாப்பிட்டது போல இருக்கும். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பண்ணுடி," என்றாள் அம்மா. "யாருக்குத் தெரியப் போகுது? கண்ணைக் கசக்கிட்டாருன்னு சொல்லிடு. சொல்றதுக்குத்தான் அவனே சொல்லிக் கொடுத்திருக்கானே!"

"வேணாம்," என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"ஏன் வேணாம்? மகாத்மாவா நீங்க? இருபது வருஷமா நான் திட்டினதை வாங்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அந்த ரோஷம் இப்பவும் வராதா?"

"ரோஷம் இருக்கறதாலதான் சொல்றேன். அவன் குருடாயிட்டா என் மூஞ்சி அவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா ஒரு கவளத்தை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"நல்லாப் பாக்கணும் அவன். முடி முடியாப் பாக்கணும். என் கண்ணு எப்படிச் சுருங்கிக் கெடக்குன்னு பக்கத்துல வந்து பாக்கணும். அதுக்கு அவனுக்கு நல்ல கண்ணு வேணும். இவ போட்டுக் கொடுக்கட்டும்."

"எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள் அம்மா. "அவன் பாக்கவும் வேணும், அவிஞ்சு போகவும் வேணும்."

அதைக் கேட்டு அப்பா சிரித்தார். அன்றைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு நல்லதாக இல்லை.

ஆபரேஷன் அன்று காலையில் வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. அம்மா சுடச் சுடச் சோறும் முட்டையும் பருப்பும் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினாள். "நல்லாச் சாப்பிட்டுட்டுப் போ. கை நடுங்கக் கூடாது," என்றாள். எதற்கு நடுங்கக் கூடாது என்று அவளும் சொல்லவில்லை, பாப்பாவும் கேட்கவில்லை.

தியேட்டரில் பெரிய டாக்டர் பச்சைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். மயக்க ஊசி கிடையாது, மரத்துப்போகச் சொட்டு மருந்து மட்டும்தான். ஆள் முழு விழிப்போடு இருப்பார், பேசுவார், கேட்பார். அசையத்தான் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சின்ன டாக்டரம்மா முழங்கை வரை நுரை போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே அவர்கள் இருவர் மட்டும். இதயத் துடிப்பைக் காட்டும் பெட்டி சீராகக் கூவிக்கொண்டிருந்தது.

பாப்பா போர்வைக்கு அடியில் அவர் மணிக்கட்டுகளை நாடாவால் கட்டினாள்.

"என்னையுமா கட்டறீங்க?" என்று அவர் சிரித்தார்.

"எல்லாரையும்தான் சார் கட்டறோம்."

"கட்டுங்க, கட்டுங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவள் முகத்தின் மேல் மறைப்புத் துணியை விரித்தாள். வலது கண்ணுக்கு மட்டும் அதில் ஒரு ஓட்டை. இமைகளை விலக்கிப் பிடிக்கும் கம்பியை மாட்டினாள். இப்போது அந்தக் கண்ணை மூட முடியாது. மேலே இருந்த விளக்கைப் பார்த்தபடி அது திறந்தே கிடந்தது.

"எங்க வீட்லயும் கட்டினாங்க சார்," என்றாள். "எங்கம்மா. எங்கப்பா கை ரெண்டையும் கட்டிலோட சேத்துத் துண்டால கட்டினாங்க. நீங்கதான் கட்டச் சொன்னீங்க."

"அட, அப்பா நம்ம பேஷன்ட்டா? சொல்லவே இல்லையே. எப்படி இருக்கார்?"

"ஒரு கண்ணோட இருக்கார் சார். தையல்காரர்."

துணிக்கடியில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு வேகமாக வந்தது. பெட்டியின் கூவல் நெருங்கி நெருங்கிக் கேட்க ஆரம்பித்தது.

"சிஸ்டர்..."

"அசையாதீங்க சார்."

"சிஸ்டர், அன்னிக்கு நான் ஏதோ பேச்சுவாக்குல..."

"காலையில முடிச்சு அவிழவே இல்லையாம் சார். எங்கம்மா பல்லால கடிச்சு அவிழ்த்தாங்களாம். அதுக்கப்புறமும் நீங்க சொன்னதைத்தான் நம்பினாங்க. இருபது வருஷமாத் திட்டினாங்க. நானும் வர்ற பேஷன்ட்கிட்ட எல்லாம் சொன்னேன், எங்கப்பா கசக்கிட்டாருன்னு."

வெளியே தண்ணீர்க் குழாய் நின்றது. அவர் குரல் கீழே போயிற்று.

"லென்ஸை யாரு ஏத்தறது?"

"நான்தான் சார். நீங்கதானே கேட்டீங்க?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சின்ன டாக்டரம்மா உள்ளே வந்தார். பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாப்பாவை வெளியே அனுப்பிவிட்டு வேறு சிஸ்டரைக் கூப்பிடுவார்கள். ஆனால் ஏன் என்று அந்த அம்மா கேட்பார். தன்னிடம் படித்த பெண்ணிடம், மல்லாக்கப் படுத்துக்கொண்டு, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ரெடியா சார்? பல்ஸ் ஏன் இப்படி ஓடுது? பயமா?"

"ஒண்ணுமில்லம்மா. ஆரம்பி," என்றார் பெரிய டாக்டர்.

புரையைக் கரைத்து உறிஞ்சி எடுக்கும் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. "கண்ணை ஓட்டாதீங்க சார், விளக்கையே பாருங்க," என்று சின்ன டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். பாப்பா லென்ஸ் உறையைப் பிரித்தாள். திரவம் நிரம்பிய சின்னத் தொட்டிலில் கருவியும் லென்ஸும் சேர்ந்தே கிடந்தன. ஜெல்லை விட்டாள். மெல்லத் தள்ளினாள். லென்ஸ் சுருண்டது.

சுருண்டபோது அவள் கண்ணில் ஒன்று பட்டது. லென்ஸுக்கு இரண்டு பக்கமும் மயிரிழை போலக் கால்கள் உண்டு. அதில் ஒன்று மடங்கி, குழாயின் சுவருக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. இப்படியே உள்ளே தள்ளினால் அந்தக் கால் ஒடியும், இல்லாவிட்டால் பையைக் குத்தும். அவள் செய்தது இல்லை அது. எப்போதாவது ஒன்று தானாகவே அப்படி வரும். கொடுத்தால் கொடுத்ததுதான், கேட்பார் கிடையாது.

"லென்ஸ்," என்று சின்ன டாக்டரம்மா கையை நீட்டினார்.

பாப்பாவுக்கு அம்மா விசிறியது ஞாபகம் வந்தது. கை நடுங்கவில்லை. அதுதான் ஆச்சரியம், ஒரு துளி நடுங்கவில்லை. கருவியை அந்தக் கைக்கு அருகே வரை கொண்டுபோனாள். கொடுத்துவிடத்தான் போனாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை. கொடுக்கப் போன கையை அவளே எப்படியோ பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். வேற ஒண்ணு பிரிக்கிறேன்."

"ஏன்?" என்ற கேள்வி துணிக்கடியில் இருந்து வந்தது. குரல் கிறீச்சிட்டது. "ஏன் வேற? அதுல என்ன? என்ன பண்ணின அதை?"

"சார், பேசாதீங்க! கண்ணு திறந்திருக்கு," என்று அதட்டினார் சின்ன டாக்டரம்மா.

"ஒரு கால் மடங்கியிருக்கு சார்," என்றாள் பாப்பா. "பரவாயில்லையா? இதையே போட்டுப் பாத்துடலாமா?"

பெட்டி மூச்சிரைக்கக் கூவியது. கட்டியிருந்த கைகள் போர்வைக்கு அடியில் நாடாவை இழுத்து இழுத்துத் தளர்ந்தன.

"வேணாம்," என்றார் பெரிய டாக்டர். "வேணாம்மா. தயவு பண்ணு."

பாப்பா முதல் கருவியைக் குப்பையில் போட்டாள். இரண்டாவது உறையைப் பிரித்தாள். லென்ஸ் தாமரை மொட்டுப் போல ஒழுங்காகச் சுருண்டது. டாக்டரம்மா கையில் வைத்தாள். உள்ளே போய் விரிந்து, பைக்குள் பாந்தமாக உட்கார்ந்தது. அதைவிட நல்ல ஆபரேஷனை அந்தத் தியேட்டர் பார்த்ததில்லை.

கை கழுவும் இடத்தில் சின்ன டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"நான் வர்றதுக்கு முன்னால அவர்கிட்ட என்ன பேசினீங்க சிஸ்டர்?"

பாப்பா மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா அன்று கூடத்தில் சிரித்தவர்களில் ஒருவர்தான். கேட்கக் கேட்க அவர் முகம் சிறுத்துப் போயிற்று.

"அவர் பண்ணினது அநியாயம்," என்றார் கடைசியில். "நானும் சிரிச்சேன், அது என் தப்பு. ஆனா டேபிள்ல படுத்திருக்கிறவன் அயோக்கியனா இருந்தாலும் பேஷன்ட்தான். கண்ணைத் திறந்து வச்சு, கையைக் கட்டி வச்சு, பயமுறுத்தியிருக்கீங்க. அவர் ஒரு தடவை அசைஞ்சிருந்தா என் கை கிழிச்சிருக்கும். நாளையில இருந்து என் தியேட்டருக்குள்ள நீங்க வர வேணாம்."

"சரி மேடம்," என்றாள் பாப்பா. அந்த அம்மா சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் செய்ததற்காக மனதில் ஒரு வருத்தம் வருமா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. வெளிநோயாளிக் கூடத்தில் நனைந்த குடைகளும் ஈரச் செருப்புகளுமாகக் கூட்டம். பெரிய டாக்டரின் கட்டைப் பிரித்து, சின்ன டாக்டரம்மா சுவர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தார். வாழ்த்துச் சொல்ல ஆஸ்பத்திரி ஆட்கள் கூடத்தில் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அம்மா பெட்டியில் வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அப்பா தானே தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார், தோளில் மழைத்துளி நின்றது. பாப்பா அன்று தன்னைப் போட்டிருந்த சொட்டு மருந்து மேஜைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா பெரிய டாக்டருக்கு முன்னால் போய், அளவெடுக்க நிற்கிற தூரத்தில் நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத் தெரியுதுங்களா?"

பெரிய டாக்டருக்கு யார் என்று புரிந்துவிட்டது. "தெரியுது," என்றார்.

"மங்கல் கிங்கல் இல்லையே?"

"இல்ல."

"அப்ப பாருங்க," என்றார் அப்பா. பார்ப்பதற்கு வசதியாக முகத்தைக் கொஞ்சம் தூக்கி, இடப்பக்கமாகத் திருப்பியும் காட்டினார். பெரிய டாக்டரின் புதுக்கண் நீர் கோத்துக்கொண்டு அதைப் பார்த்தது. பார்வையை விலக்கியபோது, "இன்னும் ஆகலைங்க," என்றார் அப்பா. மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

"உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்," என்றார் பெரிய டாக்டர்.

"உள்ள எதுக்கு?" என்றாள் அம்மா. "அன்னிக்கு இங்க நின்னுதானே சொன்ன? இதே இடம்தானே? இங்கயே சொல்லு. கசக்கினாரா, இல்லையா?"

"அம்மா, மெதுவா..."

"கசக்கினாரா?"

பெரிய டாக்டர் சின்ன டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார்.

"எனக்குக் காது கேக்கலை."

"அவர் கசக்கலை. தப்பு என்னோடது. குழாய்ல பிசிறு இருந்தது. எனக்குத் தெரியும்." சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. "மன்னிச்சுடுங்க."

"அதை நான் கேக்கலையே," என்றாள் அம்மா.

வரிசையில் கண் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "எனக்கும் அப்ப மத்தக் கண்ணுக்கு இவர்தானே லென்ஸ் போட்டார்?" என்று பக்கத்து ஆளிடம் உரக்கக் கேட்டாள். இன்னொருவர் எழுந்து நின்றார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பின்னால் எழுந்த சலசலப்பைத் திரும்பிப் பார்க்காமல் மூவரும் வெளியே வந்தார்கள். பாப்பா யாரிடமும் சொல்லிக்கொண்டு வரவில்லை.

பஸ் நிறுத்தத்துத் தகரக் கூரையில் மழை அறைந்தது. அம்மா சேலை நுனியைப் பிழிந்தாள்.

"எனக்குப் பத்தலை," என்றாள். "அவன் அழுதுட்டான், எல்லாரும் பாத்துட்டாங்க. இருந்தாலும் பத்தலைங்க."

"எனக்கும்தான் பத்தலை," என்றார் தையல்காரர். "ஆனா மிச்சம் அவன்கிட்ட இல்ல."

அம்மா பிழிவதை நிறுத்தினாள். அவர் தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"அன்னிக்கே உன்கிட்டச் சொன்னேன். நான் கசக்கலடி, கட்டு அப்படியே இருந்துச்சுடின்னு. ஒரு தடவை இல்ல, ஒரு வாரம் சொன்னேன். அப்புறம்தான் விட்டேன்."

அம்மாவின் உதடு துடித்தது. எத்தனையோ வருஷமாக ஓய்ந்தறியாத வாய் அது. "திட்டுங்க," என்றாள். "இப்பவே இங்கயே நிறுத்தி வச்சுத் திட்டுங்க. நாலு அறை வேணும்னாலும் அறைங்க."

"திட்ட மாட்டேன்," என்றார் அவர்.

பஸ் சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்து நின்றது. அம்மா முந்தி ஏறி, இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவருக்காகப் பக்கத்து இடத்தில் பையைப் போட்டு வைத்தாள். தையல்காரர் கம்பியைத் தடவிப் பிடித்து ஏறினார். அந்த இடத்தைப் பார்த்தார், பையையும் பார்த்தார். அவளைத் தாண்டிப் போய், கடைசி வரிசையில் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.